ஷெட்டுதானே, அதுக்கு எதுக்குப் பெர்மிஷன்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் கவிதை எழுதலாமா என்றுதான் நினைத்தேன். கவிதைக்கு நம் பாலிடெக்னிக்கில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மெக்கானிக்கலில் மட்டும் பதினோரு பேர் இருக்கிறார்கள். அதனால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்தை எழுதுகிறேன். சிவில் மாணவர்களுக்கு இது தொழில். மற்ற பிரிவுத் தோழர்களுக்கும் வீடு இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருக்கிறது, என்றைக்காவது அங்கே ஒரு ஷெட் போடத்தான் போகிறீர்கள். ஆகவே தாண்டிப் போகாமல் படியுங்கள்.

முதலில் நடந்த கதை

என் அப்பா சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுபவர். பலகை, ஷீட், முட்டு, ஸ்பேன் எல்லாம் வீட்டு வாசலிலேயே கிடக்கும். மழையில் பலகை உளுத்துப் போகிறது, இரவில் கிளாம்ப் காணாமல் போகிறது. சென்ற ஆண்டு ஆவணியில், "கொல்லையில ஒரு ஷெட் போட்டுடலாம்டா" என்றார் அப்பா. வெல்டிங் பட்டறை அண்ணன் வந்து அளந்தார். 10 அடிக்கு 12 அடி. பின்பக்க மதிலையும் வலப்பக்க மதிலையும் ஒட்டி ஒரு மூலை. இரண்டு பக்கமும் மதில் இருப்பதால் செலவு மிச்சம் என்றார். இரும்பு பைப் நட்டு, கலர் ஷீட் போட்டு, மூன்றே நாளில் வேலை முடிந்தது. செலவு 42,000 ரூபாய்.

அப்போது நான் இரண்டாமாண்டு முடித்திருந்தேன். பில்டிங் டிராயிங்கில் நல்ல மார்க். அப்பா என்னைக் கேட்டார், "ஏம்ப்பா, இதுக்கு ஏதும் பெர்மிஷன் வாங்கணுமா?"

நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

ஐப்பசி மழை வந்தது. ஷெட்டின் கூரைச் சரிவு வலப்பக்கம். அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். எங்கள் கூரைத் தண்ணீர் முழுவதும் மதிலைத் தாண்டி அவர் சமையலறைச் சுவரில் அடித்தது. "தம்பி, சுவரெல்லாம் ஓதம் ஏறுது, கொஞ்சம் என்னான்னு பாருங்க" என்று அவர் இரண்டு தடவை வந்து சொன்னார். அப்பா, "மழை விடட்டும் டீச்சர், பார்த்துடலாம்" என்றார். மழை விட்டது. நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு அவர் எங்களிடம் வரவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி எழுப்பிய கட்டுமானத்தை அகற்ற வேண்டும் என்று இருந்தது. "யாரையாவது பார்த்து முடிச்சுடலாம்ணே" என்று யோசனை சொல்லவும் ஒருவர் வந்தார். அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நீ சிவில்தானே படிக்கிறே?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலேஜ் நூலகத்தில் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். படித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சட்டத்தின் கண்ணில் ஷெட் என்பது என்ன?

நாம் என்ன நினைக்கிறோம்? அஸ்திவாரம் போட்டு, செங்கல் வைத்து, கான்கிரீட் ஊற்றினால்தான் கட்டடம். தகரம் போட்டால் அது வெறும் ஷெட். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே கட்டடம் என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது வீடு, புறவீடு, லாயம், கழிவறை, ஷெட், குடிசை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். செங்கல்லோ, மரமோ, மண்ணோ, உலோகமோ, எதனால் ஆனாலும் கட்டடம் கட்டடம்தான். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இருக்கிறது. அது 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஷெட்டும் கட்டடம் என்ற எண்ணம் நூறு வருஷத்துப் பழசு. நமக்குத்தான் புதுசு!

அப்படியானால் வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டுமா என்று கேட்காதீர்கள். வெள்ளையடிப்பது, பெயிண்ட் அடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, ஓடு மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. இருப்பதைச் சரிசெய்வது வேறு, இல்லாததைப் புதிதாக எழுப்புவது வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டு அனுமதிகள், ஒரு விதிப் புத்தகம்

நம் மாநிலத்தில் கட்டுவதற்கு இரண்டு சட்டங்கள் பேசுகின்றன. ஒன்று, 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இந்த நிலத்தை இந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாமா என்பது அதன் கேள்வி. அதற்குத் தருவது திட்ட அனுமதி. மற்றொன்று உள்ளாட்சிச் சட்டம். இந்தக் கட்டடத்தை இந்த வடிவில் கட்டலாமா என்பது அதன் கேள்வி. அதற்குத் தருவது கட்டட அனுமதி. முன்பு நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி, சென்னைப் பெருநகருக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாக்கி 2019 பிப்ரவரி 4ஆம் தேதி தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை அரசு வெளியிட்டது. அதன் பிறகு அவ்வப்போது திருத்தங்களும் வந்திருக்கின்றன. எனவே படிக்கும்போது திருத்தங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கிராமத்தில் இருக்கும் தோழர்கள், "எங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்று சொல்வார்கள். அது தவறு. ஊராட்சியும் இந்த விதிக்குள்தான் வருகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் உங்கள் உள்ளாட்சி அலுவலகம்தான். சிறிய வீடுகளுக்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரத்தையும் அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள்.

இனி, ஷெட் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளைப் பார்ப்போம். எங்கள் கொல்லையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி 1: எந்த மண்டலம், என்ன பயன்பாடு?

முழுமைத் திட்டம் உள்ள ஊர்களில் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என்று மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். குடியிருப்பு மண்டலத்தில் வீட்டுக்குச் சொந்தமான ஷெட்டில் சைக்கிளையும் விறகையும் பழைய பீரோவையும் வைப்பது வீட்டுப் பயன்பாடு. அதே ஷெட்டில் வாடகைச் சரக்கை அடுக்கி, விடியற்காலையில் மினிலாரி வந்து முட்டுக்கட்டைகளை டமார் டமார் என்று ஏற்றினால் அது கிட்டங்கி. ஷெட் அதே ஷெட்தான். உள்ளே இருப்பதுதான் மாறிவிட்டது. அதனால் கேள்வியும் மாறிவிடுகிறது. எங்கள் முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. நாங்கள் போட்டது வீட்டு ஷெட் அல்ல, தொழில் ஷெட்.

கேள்வி 2: எவ்வளவு பரப்பு?

எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை வகுப்பில் படித்திருக்கிறோம். எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. உயரம் குறைந்த சாதாரணக் கட்டடங்களுக்கு 2019 விதிகளின்படி அடிப்படை அளவு 2.

எங்கள் மனை 30 அடி அகலம், 60 அடி நீளம். பரப்பு 1,800 சதுர அடி, அதாவது சுமார் 167 சதுர மீட்டர். 2ஆல் பெருக்கினால் 3,600 சதுர அடி வரை கட்டலாம். வீடு 20க்கு 30, அதாவது 600 சதுர அடி. ஷெட் 120 சதுர அடி. மொத்தம் 720. குறியீடு வெறும் 0.4!

இதைக் கணக்குப் போட்டவுடன் எனக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, நாம அஞ்சில ஒரு பங்குதான் கட்டியிருக்கோம், தப்பே இல்லை" என்று ஓடினேன். தப்பு அங்கே இல்லை, அடுத்த கேள்வியில் இருந்தது.

கேள்வி 3: எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி?

இதுதான் செட்பேக். மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய திறந்தவெளி. முன்பக்கத்துக்குச் சாலையின் அகலம்தான் கணக்கு. சாதாரணக் குடியிருப்புகளுக்கு விதி சொல்லும் முன்பக்க அளவு இது:

சாலை 9 மீட்டர் வரை இருந்தால் 1.5 மீட்டர்.
9 மீட்டருக்கு மேல் 18 மீட்டர் வரை இருந்தால் 3 மீட்டர்.
18 மீட்டருக்கு மேல் 30.5 மீட்டர் வரை இருந்தால் 4.5 மீட்டர்.
30.5 மீட்டருக்கு மேல் இருந்தால் 6 மீட்டர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் சாலையை அடியில் சொல்வோம். 30 அடிச் சாலை என்றால் 9 மீட்டர்தானே என்று முதல் வரியை எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம். 30 அடி என்பது 9.14 மீட்டர். இரண்டாவது வரிக்குப் போய்விடுகிறது. 1.5 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அறையின் பாதி!

பக்கத்துக்கும் பின்புறத்துக்கும் கட்டடத்தின் உயரம், மனையின் அகலம் போன்றவற்றைப் பார்த்து அளவு மாறும். அட்டவணையை எடுத்து நம் மனைக்குரிய வரியைப் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஏற்கெனவே வீட்டுக்கு வாங்கிய அனுமதி வரைபடத்தை எடுத்துப் பார்ப்பது. எங்கள் வீட்டு வரைபடம் பீரோவில் பத்திரத்துக்கு அடியில் கிடந்தது. பிரித்தேன். வலப்பக்கம் 5 அடி, பின்பக்கம் மதில் வரை, எல்லாமே திறந்தவெளி என்று தெளிவாக எழுதி முத்திரை குத்தியிருந்தது. அந்த 5 அடியில்தான் எங்கள் ஷெட் உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் அந்தத் தாளில் பத்து வருஷத்துக்கு முன்பு அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

செட்பேக் இடத்தில் எதையுமே வைக்கக் கூடாதா? மதில், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மோட்டார், வெளிப் படிக்கட்டு போன்ற சிலவற்றுக்கு அளவோடு இடம் உண்டு. சாமான் அறை அந்தப் பட்டியலைச் சேர்ந்தது அல்ல.

இந்த 5 அடி யாருக்காக? வீணாகக் கிடக்கும் இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வெளிச்சமும் காற்றும் இரண்டு வீட்டுக்கும் அந்த வழியாகத்தான் வருகின்றன. தீப்பிடித்தால் ஆள் ஓடுவதும், தண்ணீர்க் குழாயை இழுத்துப் போவதும், கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதும் அந்த வழியாகத்தான். நாம் 5 அடி விட்டு, பக்கத்து வீட்டுக்காரரும் 5 அடி விட்டால் நடுவே 10 அடி. நம்முடையதை நாம் விழுங்கிவிட்டால் அவர் விட்ட 5 அடியை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் மூச்சு விட வேண்டியதுதான்.

கேள்வி 4: கூரைத் தண்ணீர் எங்கே போகும்?

10க்கு 12 கூரையின் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். அதன்மேல் 1 செ.மீ. மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? 11 சதுர மீட்டரை 0.01 மீட்டரால் பெருக்குங்கள். 0.11 கன மீட்டர், அதாவது 110 லிட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 5 செ.மீ. பெய்வது சாதாரணம். அப்படியானால் 550 லிட்டர். குடத்துக்குப் பத்து லிட்டர் என்றால் ஐம்பத்தைந்து குடம் தண்ணீரை ஒரே ராத்திரியில் டீச்சரம்மா வீட்டுச் சுவரில் ஊற்றியிருக்கிறோம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

சரிவு எப்போதும் நம் மனைக்குள்ளேயே இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பை 2003இல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கினார்கள். ஷெட்டின் தண்ணீரையும் ஒரு தாழ்வாரக் குழாய் வைத்து அந்தக் குழிக்கே விட்டுவிடலாம். செலவு அதிகமில்லை.

கேள்வி 5: மேலே கம்பி போகிறதா?

எலெக்ட்ரிக்கல் தோழர்கள் இதைக் கவனிக்கவும். வீட்டுக்கு வரும் சாதாரண மின்கம்பி கட்டடத்துக்கு மேலே போனால் செங்குத்தாக 2.5 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பியானால் செங்குத்து 3.7 மீட்டர், பக்கவாட்டு 1.2 மீட்டர். 33 கிலோவோல்ட் என்றால் பக்கவாட்டு 2 மீட்டர். கம்பி அதிகபட்சம் தொய்ந்திருக்கும்போதும் காற்றில் ஆடும்போதும் இந்த இடைவெளி இருக்க வேண்டும். இரும்புத் தூண், இரும்புக் கூரை, மழை என்று மூன்றும் சேரும் இடத்தில் இந்த அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 12 அடி ஷீட்டை நிமிர்த்தித் தூக்கும் தொழிலாளிக்கும் இதே ஆபத்துதான்.

கேள்வி 6: காற்றுக்குத் தாங்குமா?

2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஓடும் தகரமும் பறந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. காற்றின் அழுத்தத்தைக் காண, வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6ஆல் பெருக்க வேண்டும். எளிமைக்காக மற்றக் குணகங்களை எல்லாம் 1 என்று வைத்துக்கொள்வோம்.

திருச்சிக்கு: 0.6 × 47 × 47 = 1,325 நியூட்டன், ஒரு சதுர மீட்டருக்கு.
11 சதுர மீட்டர் கூரைக்கு: சுமார் 14,600 நியூட்டன். ஏறத்தாழ 1.5 டன்.

அரை மில்லிமீட்டர் கலர் ஷீட் கூரையின் எடை மொத்தமாக 50 கிலோ இருந்தால் அதிகம். 50 கிலோ கூரையை 1.5 டன் மேலே தூக்குகிறது. ஷீட்டை பர்லினோடும், பர்லினைத் தூணோடும், தூணை மண்ணுக்குள் கான்கிரீட்டோடும் பிடித்து வைக்காவிட்டால் அந்தத் தகரம் யார் வீட்டுக் கழுத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வெல்டிங் அண்ணன் பைப்பை ஒன்றரை அடிதான் புதைத்திருந்தார். பிரிக்கும்போது ஒரு தூண் கையோடு வந்துவிட்டது! நோட்டீஸ் வராமல் புயல் வந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. வரைபடத்தோடு குறுக்கு வெட்டுப் படமும் கேட்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வெளிநாட்டில் எப்படி?

கொல்லைப்புற ஷெட் எல்லா நாட்டிலும் இருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்து ஷெட்டுக்குத் தனி மனு போடாமலேயே கட்ட வழி உண்டு. ஆனால் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. 2015ஆம் ஆண்டு ஆணையின்படி ஒரே தளம்தான் இருக்கலாம். வீட்டின் முன்முகத்துக்கு முன்னால் வரக் கூடாது. கூரையின் விளிம்பு உயரம் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இரட்டைச் சரிவுக் கூரையானால் மொத்த உயரம் 4 மீட்டர், மற்றவை 3 மீட்டர். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்துவிட்டால் மொத்த உயரமே 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் இப்படிக் கட்டடங்களால் நிரப்பவும் கூடாது. அதை வாழும் வீடாகவும் ஆக்கக் கூடாது. நூற்றாண்டுப் பெருமை என்று பாதுகாக்கப்படும் கட்டடமானால் இந்தச் சலுகையே கிடையாது.

கூர்ந்து பாருங்கள். அங்கேயும் கேள்வி அதேதான். உன் ஷெட் எவ்வளவு பெரிசு என்பதோடு நிற்கவில்லை. உன் அயலானுக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். கிட்டே போகப் போக உயரத்தைக் குறைத்துக்கொள் என்பதுதான் அந்த விதியின் சாரம். அந்த நாட்டுச் சலுகையைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மனைக்கு நம் விதிதான் பேசும்.

அனுமதி வாங்கும் வழி

பத்திரம், பட்டா, நிலஅளவை வரைபடம், சொத்துவரி ரசீது, வீட்டுக்கு முன்பு வாங்கிய அனுமதி வரைபடம் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். மனை வரைபடத்தில் வடக்குக் குறி, சாலையின் அகலம், இருக்கும் வீடு, வரப்போகும் ஷெட், நான்கு பக்க இடைவெளி, கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மழைநீர்க் குழி எல்லாம் இருக்க வேண்டும். பதிவு பெற்ற பொறியாளர் மூலம் ஒற்றைச் சாளர இணையதளத்தில் மனு போடலாம்.

புதிதாக வீடு கட்டும் தோழர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரையும் முதல் தளமுமோ கொண்ட வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. விவரங்கள் சரி என்று நாமே உறுதி கூறி, கட்டணத்தைக் கட்டி, இணையதளத்திலேயே அனுமதி பெறலாம். சுயசான்று என்றால் விதியிலிருந்து விடுதலை என்று அர்த்தமல்ல. தப்பாகச் சொன்னால் பொறுப்பு முழுவதும் நம் தலையில். ஆகவே வீட்டுக்கு வரைபடம் போடும்போதே கொல்லையில் ஒரு ஷெட்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பின்னால் அலைய வேண்டாம்.

அனுமதியில்லாமல் கட்டினால் என்ன? 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவு கட்டியதை அகற்றச் சொல்லும். 57ஆம் பிரிவு நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்லும். நோட்டீஸ் வந்தால் மூலையில் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள கெடுவுக்குள் பதில் தர வேண்டும்.

எங்கள் கொல்லை இப்போது

ஷெட்டைப் பிரித்தோம். இந்தத் தடவை வரைபடம் நான் போட்டேன். எங்கள் லெக்சரர் திருத்தினார். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்டு மனு போட்டார். வீட்டுக்குப் பின்னால் 20 அடி ஆழம் இருந்தது அல்லவா? வீட்டிலிருந்து 5 அடி, ஷெட் 10 அடி, பின்மதிலுக்கு 5 அடி. வலப்பக்க மதிலுக்கும் 5 அடி. அகலம் 8 அடி. ஆக, 8க்கு 10. பழையதைவிட 40 சதுர அடி குறைவு. அனுமதி கைக்கு வந்த பிறகே குழி தோண்டினோம். சரிவு எங்கள் வீட்டுப் பக்கம். தண்ணீர் மழைநீர்க் குழிக்குப் போகிறது. பழைய பைப்பும் ஷீட்டும் பெரும்பாலும் உதவின. ஆனாலும் பிரிக்க, மாற்ற, மறுபடி நட 14,000 ரூபாய் ஆனது. சென்ட்ரிங் சாமான் அங்கே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு இடத்தை மாதம் 2,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அப்பாவுக்கு அது பாரம்தான். மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கு நான் "இருங்கப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் அந்த 14,000 மிச்சமாகியிருக்கும். டீச்சரம்மாவின் சுவரும் நனைந்திருக்காது.

அந்தச் சுவரை நாங்களே பூசிக் கொடுத்தோம். மேஸ்திரிக்குச் சித்தாளாக நின்றது நான்தான். டீச்சரம்மா காபி கொடுத்துவிட்டு, "என்ன படிக்கிறே தம்பி?" என்று கேட்டார். "சிவில்" என்றேன். "நல்ல படிப்பு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் டம்ளரைப் பார்த்தபடியே குடித்து முடித்தேன்.

தோழர்களே, இன்னும் கொஞ்ச நாளில் நம் கையில் டிப்ளமோ இருக்கும். சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், அப்பாவின் நண்பர் எல்லோரும் முதலில் பெரிய பாலத்தைப் பற்றியா நம்மிடம் கேட்கப் போகிறார்கள்? கொல்லையில் ஒரு ஷெட், மாடியில் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் ஒரு கார் நிழல் என்றுதான் கேட்பார்கள். அப்போது தெரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். மனையின் அனுமதி வரைபடத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். டேப்பைப் பிடித்து எல்லையிலிருந்து அளங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

யாராவது உங்களிடம் வந்து "ஷெட்டுதானே?" என்று கேட்டால், அன்றைய என்னை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அது போதும்.

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)